மேசைக் கணினி: திறந்த பெட்டியும் பூட்டிய பெட்டியும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதற்கு உடையவர் ஆகிறார் என்பது உலக வழக்கு. ஆயின், உடைமை என்பது யாது? பயன்படுத்தும் உரிமை மட்டுமா? அன்றித் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், புதிய உறுப்பொன்றைச் சேர்க்கவும் உள்ள உரிமையும் அதனுள் அடங்குமா? மிதிவண்டி வாங்கியவர் தேய்ந்த சங்கிலியை மாற்றுகிறார். தையல் இயந்திரம் வைத்திருப்பவர் அதற்கு மின்விசை பொருத்திக்கொள்கிறார். இவற்றை எவரும் வினாவுக்கு உரியவையாகக் கருதுவதில்லை. மேசைக் கணினியின் வரலாற்றிலோ இவ்வினா தொடக்க நாள் முதலே எழுந்து, இன்றளவும் ஓயாதிருக்கிறது. அவ்வரலாற்றை முறைப்பட நோக்குதல், பள்ளிக்கும் வீட்டுக்கும் கணினி வாங்குவோர் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

எட்டுச் செருகுவாய்கள்

1977ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியில் ‘ஆப்பிள் 2’ என்னும் கணினி அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அதன் மேல்மூடியைக் கருவி ஏதுமின்றிக் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே, புதிய அட்டைகளைச் செருகுவதற்கென எட்டுச் செருகுவாய்கள் வரிசையாக அமைந்திருந்தன.

இந்த எட்டு எளிதில் வந்ததன்று. அவருடைய கூட்டாளியாகிய ஸ்டீவ் ஜாப்ஸ், இரண்டே போதும் என்றார். ஒன்று அச்சுப்பொறிக்கு, மற்றொன்று தொலைபேசி வழித் தொடர்புக்கு. வாஸ்னியாக் இணங்கவில்லை. மக்கள் எவ்வெவற்றைச் சேர்க்க விரும்புவர் என்பதை முன்கூட்டியே கூற இயலாது என்பது அவர் கொள்கை. காலம் அவர் பக்கமே நின்றது. 1978இல் வட்டு இயக்கி வந்தபோது, அதனை இயக்கும் அட்டை ஒரு செருகுவாயில் அமர்ந்தது. 1980இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வேறொரு செயலியையே தாங்கிய அட்டையை விற்றது. அதனைச் செருகியவுடன் அந்தக் கணினி வேறுவகைக் கணினிக்கென எழுதப்பட்ட நிரல்களையும் இயக்கியது. படைத்தவரே எண்ணிப் பாராத பணிகளை அது செய்தது. ஆப்பிள் 2 குடும்பத்தின் உற்பத்தி 1993 வரை நீடித்தமைக்கு இச்செருகுவாய்கள் ஒரு பெருங் காரணம் எனலாம்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனிலும் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அந்நிறுவனம் அம்மட்டில் நில்லாது, கணினியின் மின்சுற்று வரைபடங்களையும் அடிப்படை நிரலின் வரிகளையும் நூலாக அச்சிட்டே விற்றது. அதன் விளைவு இருவகைப்பட்டது. எண்ணற்ற சிறு நிறுவனங்கள் அட்டைகள் செய்து பிழைத்தன, கணினி மலிந்தது. ஆனால், காம்பாக் முதலிய நிறுவனங்கள் அதே வகைக் கணினியைத் தாமே செய்து விற்கத் தொடங்கவே, ஐ.பி.எம். தான் தோற்றுவித்த சந்தையின் மீது பிடியிழந்தது. இழந்த பிடியை மீட்க 1987இல் உரிமம் பெற்றாலன்றிப் பிறர் பயன்படுத்த இயலாத புதுவகைச் செருகுவாயை அது கொணர்ந்தது. போட்டி நிறுவனங்கள் ஒன்பது கூடி, 1988இல் தமக்கெனப் பொதுவான வேறொரு முறையை அறிவித்தன. ஐ.பி.எம். முயற்சி ஈடேறவில்லை. ஒருமுறை திறந்த கதவை மீண்டும் மூடுதல் அரிது என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

மூடிய முதற்பெட்டி

ஆப்பிள் நிறுவனத்தினுள்ளேயே மாற்றுக் கருத்தொன்று வளர்ந்து வந்தது. 1979இல் மக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், கணினி சமையற்கட்டுப் பொருள் போல எளிதாயிருத்தல் வேண்டும் என்று எண்ணினார். எல்லாக் கணினிகளும் ஒரே அமைப்பில் இருந்தால், நிரல் எழுதுவோர்க்குக் குழப்பமில்லை. பயன்படுத்துவோர்க்கும் அச்சமில்லை என்பது அவர் வாதம். பின்னர்த் திட்டத்தை ஏற்று நடத்திய ஜாப்சும் இதில் உறுதியாக நின்றார்.

1984 ஜனவரி 24ஆம் நாள் மக்கின்டாஷ் வெளிவந்தது. விலை 2,495 டாலர். நினைவகம் 128 கிலோபைட். அது பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தது. செருகுவாய் ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறக்க வேண்டுமெனில், கைப்பிடிக் குழியின் ஆழத்தில் உள்ள திருகாணிகளை எட்டக்கூடிய, நீண்ட தண்டுடைய தனிவகைத் திருப்புளி தேவைப்பட்டது. அதனைச் செய்தோரின் கையொப்பங்கள் பெட்டியின் உட்புறத்தே வார்க்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களுள் மிகப் பலர் அவற்றைக் கண்டதே இல்லை.

ஆயினும், அப்பெட்டியின் பலகையை வடிவமைத்த பர்ரல் ஸ்மித், 128 கிலோபைட் விரைவிலேயே போதாமற்போகும் என்று அஞ்சினார். எனவே, பெரிய நினைவகச் சில்லுகள் வந்தால் அவற்றை ஏற்கும் வகையில் பலகையில் சில கம்பித் தடங்களை ஓசையின்றிச் சேர்த்துவைத்தார். அவர் அஞ்சியபடியே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 512 கிலோபைட் நினைவகத்தோடு அடுத்த மக்கின்டாஷ் வந்தது. 1986இல் நினைவகத்தை மாற்றும் வசதியும், 1987இல் ஆறு செருகுவாய்கள் கொண்ட மக்கின்டாஷ் 2உம் வெளிவந்தன. மூடிய பெட்டி மூன்றே ஆண்டுகளில் திறந்துகொண்டது.

ஊசலாட்டம்

இதன்பின் ஆப்பிளின் வரலாறு ஊசல் போல இருபுறமும் ஆடியதைக் காண்கிறோம். 2006இல் வந்த மாக் புரோவில் நினைவகம், வட்டு, வரைகலை அட்டை யாவும் மாற்றத்தக்கவை. 2013இல் வந்த மாக் புரோ ஓர் உருளை. அதன் நினைவகத்தை மாற்றலாம்; ஆனால் அட்டைச் செருகுவாய்கள் இல்லை, வரைகலைச் செயலிகள் இரண்டும் அதற்கெனவே செய்யப்பட்டவை. உலகமோ ஒரே பெரிய வரைகலைச் செயலியின் பக்கம் சென்றது. அவ்வளவு வெப்பத்தை அவ்வுருளையால் வெளியேற்ற இயலவில்லை. 2017 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் தலைவர்களே செய்தியாளர் சிலரை அழைத்து அக்குறையை ஒப்புக்கொண்டனர். 2019 டிசம்பரில் எட்டுச் செருகுவாய்களும் 1.5 டெராபைட் வரை ஏற்கும் நினைவகமும் கொண்ட புதிய மாக் புரோ விற்பனைக்கு வந்தது. வாஸ்னியாக்கின் எண்ணிக்கை நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தது போலும்!

சொந்தச் சில்லு

ஊசல் அவ்விடத்தே நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் ஆப்பிள் கணினிகளின் மூளையாகிய செயலியைப் பிற நிறுவனங்களே அளித்துவந்தன. மக்கின்டாஷுக்கு முதலில் மோட்டரோலா, 1994 முதல் பவர்பிசி, 2006 முதல் இன்டெல். 2008இல் பி.ஏ. செமி என்னும் சில்லு வடிவமைப்பு நிறுவனத்தை ஆப்பிள் விலைக்கு வாங்கிற்று. 2010இல் தன் கைப்பலகைக் கணினிக்கும் தொலைபேசிக்கும் தானே வடிவமைத்த சில்லைப் பயன்படுத்தியது. பத்தாண்டுப் பயிற்சிக்குப் பின், 2020 நவம்பரில் எம்1 என்னும் சில்லோடு மேசைக் கணினியிலும் நுழைந்தது. வடிவமைப்பு ஆப்பிளுடையது, வார்ப்பு தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்துடையது. அச்சிறு சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன.

பொதுச் செயலி, வரைகலைச் செயலி, சேமிப்பகக் கட்டுப்பாடு ஆகியவை ஒரே சில்லில் ஒன்றாயின. நினைவகமும் அச்சில்லின் அருகில், அதே உறையில் அமர்ந்தது. எல்லாச் செயலிகளும் அந்த ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைப் படியெடுத்து அனுப்ப வேண்டுவதில்லை. மின்சாரம் மிச்சப்பட்டது; வெப்பம் குறைந்தது; வேகம் மிகுந்தது. இவை வெறும் விளம்பர மொழியல்ல. பயன்படுத்தினோர் கண்ட உண்மை.

அதற்குக் கொடுத்த விலையும் தெளிவானது. வாங்கிய நாளில் எவ்வளவு நினைவகமோ, இறுதி நாள் வரை அவ்வளவே. 2023இல் எம்2 அல்ட்ரா சில்லோடு வந்த மாக் புரோவில் செருகுவாய்கள் ஏழு இருந்தன. ஆயினும், வரைகலை அட்டையை அவற்றில் சேர்க்க வழியில்லை. நினைவகமும் 192 கிகாபைட்டுக்கு மேல் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கணினி ஏற்றதில் இது எட்டில் ஒரு பங்கு.

இயற்கையின் கட்டளையும் வாணிக விருப்பமும்

இங்கே ஆராய்ச்சியாளர் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பெட்டியை மூடுமாறு இயற்கை விதி கட்டளையிடுகிறதா? அல்லது அது விற்பவரின் விருப்பமா?

இயற்கை விதியின் பங்கு உண்மையே. மின்குறிப்புகள் மிகு வேகத்தில் செல்லுங்கால், நீண்ட தடமும் செருகுவாயின் தொடுமுனைகளும் அவற்றைச் சிதைக்கின்றன. தடங்கள் குறுகியும் பலவாகவும் இருப்பின் செய்தி விரைந்து பாயும். 2022இல் வந்த எம்1 அல்ட்ராவில் நொடிக்கு 800 கிகாபைட் பாய்கிறது. அவ்வளவைச் சாதாரணச் செருகுவாய் நினைவகத்தால் சிறிய பெட்டியொன்றில் எட்டுதல் அரிது. பிறரும் இதனை உணர்ந்தனர். எளிதில் பழுது நீக்கத்தக்க கணினிகளைச் செய்வதையே தன் குறிக்கோளாகக் கொண்ட ஃப்ரேம்வொர்க் நிறுவனம், 2025இல் ஏ.எம்.டி. சில்லோடு மேசைக் கணினி ஒன்றை அறிவித்தபோது, அதன் நினைவகத்தை ஒட்டியே அமைத்தது. மாற்றத்தக்க நினைவகத்தோடு அச்சில்லின் முழு வேகத்தைப் பெற வழி தேடியும் கிட்டவில்லை என்று காரணம் கூறிற்று. கொள்கையுடையோரும் வளைந்துகொடுத்த இடம் இது.

ஆனால், இவ்விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்துமா? பொருந்தாது. முதலாவதாக, எம்1 சில்லில் பாயும் அளவு நொடிக்கு 68 கிகாபைட். அக்காலத்துச் சாதாரணச் செருகுவாய் நினைவகம் இரண்டைச் சேர்த்தாலே 51 கிகாபைட் கிடைத்தது. சிறிய கணினியில் வேகத்தின் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதன்று. இரண்டாவதாக, 2014இல் வந்த மாக் மினியில் இருந்தது இன்டெல் சில்லே. ஆயினும் நினைவகம் ஒட்டப்பட்டிருந்தது. 2012இல் வந்த அதன் முன்னோடியிலும் 2018இல் வந்த அதன் வாரிசிலும் நினைவகம் மாற்றத்தக்கதாய் இருந்தது. சொந்தச் சில்லு பிறக்குமுன்னரே பூட்டு வந்துவிட்டதெனில், பூட்டுக்குச் சில்லு மட்டுமே காரணம் ஆகுமா? மூன்றாவதாக, 2020இல் மாக் மினியின் சேமிப்பகமும் ஒட்டப்பட்டது; 2024இல் அதே மாக் மினியில் அது தனி அட்டையில் வந்தது. ஆதலின் சேமிப்பகத்தை ஒட்டியே தீர வேண்டும் என்னும் கட்டாயம் இருந்ததில்லை.

வாணிக நோக்கையும் மறைத்தற்கில்லை. எம்1 மாக் மினியில் நினைவகத்தை 8 கிகாபைட்டிலிருந்து 16 ஆக்க, வாங்கும்போதே 200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னொரு நாள் வெளிச்சந்தையில் மலிவாக வாங்கிச் செருகலாம் என்னும் வழி அடைபட்டது. நாளைய தேவையை இன்றே அறிந்து, இன்றே பணம் கொடுக்குமாறு வாங்குவோர் கேட்கப்படுகின்றனர். வசதியுடையோர்க்கு இது பெரிதன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சிறு தொகை ஒதுக்கும் பள்ளிக்கோ இது பெரிது.

நாணயத்தின் மறுபுறம்

எனினும், செருகுவாய் உள்ள கணினி சாவில்லாதது என்று எண்ணுதலும் பிழையே. 2025 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட அறிவிப்பின்படி, இன்டெல் சில்லுடைய கணினிகளை ஏற்கும் கடைசி இயக்க நிரல் டாஹோ ஆகும். எட்டுச் செருகுவாய்களோடு பெருவிலைக்கு விற்ற 2019ஆம் ஆண்டு மாக் புரோவும் அதனுள் அடங்கும். உறுப்புகள் எல்லாம் உரமாயிருந்தும், நிரல் வாயிலாக ஆயுளுக்கு எல்லை வகுக்கப்பட்டது. திறந்த பெட்டி வேண்டற்பாலதே. அதனோடு நிரலின் ஆதரவு எத்துணை ஆண்டு கிட்டும் என்பதும் வேண்டற்பாலது.

இவ்வினா ஒரு நிறுவனத்தின் எல்லையோடு நிற்பதுமன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கிற்று என்றும், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது கால் பங்குக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆய்வு கூறுகிறது. நினைவகம் போதாமையால் முழுக் கணினியையும் எறிதல், விளக்குத்திரி கருகியதற்காக விளக்கையே எறிதல் போன்றது.

சட்டங்கள் மெல்ல அசைந்துள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2023இல் கையெழுத்தான பழுதுநீக்கும் உரிமைச் சட்டம் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருளுக்கு ஏழாண்டு வரை உறுப்புகளும் கையேடுகளும் கிடைக்கச் செய்தல் உற்பத்தியாளர் கடன் என்று அச்சட்டம் விதிக்கிறது. தொழில்நுட்பமும் ஓயவில்லை. திருகாணியால் பொருத்தியும் கழற்றியும் மாற்றத்தக்க, விரைவும் மிக்க நினைவகத்துக்கான பொது அளவுமுறை 2023 டிசம்பரில் வெளியாயிற்று. 2024இல் மடிக்கணினி ஒன்றில் அவ்வகை நினைவகம் பயன்பாட்டுக்கும் வந்தது.

ஆகவே, கணினி வாங்கும் பொறுப்புடையோர் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் நலம். பின்னர் மாற்றத்தக்க உறுப்புகள் எவை? மாற்ற இயலாதவற்றை இன்றே எவ்வளவு வாங்கிக்கொள்வது? இயக்க நிரலின் ஆதரவு எத்துணை ஆண்டு? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், திறந்த பெட்டியாயினும் பூட்டிய பெட்டியாயினும் ஏமாற்றம் குறையும். மூடியது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால், மூடுவதற்கு உரிய காரணத்தை வாங்குவோர் கேட்பதும், விற்போர் நேர்மையாகச் சொல்வதும் இரு சாரார்க்கும் உரிய கடமை. 1984இல் பர்ரல் ஸ்மித் ஓசையின்றி விட்டுவைத்த சில கம்பித் தடங்கள், நாளைய தேவையை இன்றே முழுதும் அறிந்தவர் எவருமில்லை என்னும் உண்மையை இன்றும் எடுத்துரைக்கின்றன.