இலத்தீன் மொழியில் முரண் இணைப்புச்சொற்கள்

எதிரெதிரான இரு கருத்துகளை இணைக்கும் "ஆனால்" போன்ற சொல் முரண் இணைப்புச்சொல் எனப்படும். செவ்வியல் இலத்தீனில் இதற்குப் பல சொற்கள் இருந்தன. அவற்றுள் பெருவழக்காக இருந்தது "செட்". இது தான் இணைக்கும் பகுதியின் முதலில் வரும். "நோன் புயெர், செட் புயெல்லா" என்றால் "சிறுவன் அல்லன், சிறுமி" என்று பொருள். "ஔடெம்" மெல்லிய முரணைக் காட்டும். பொதுவாக இரண்டாம் சொல்லாக நிற்கும். "அட்" வலுவான எதிர்ப்பைக் காட்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துக்கூறவும் பயன்பட்டது.

இவ்வளவு வழக்கில் இருந்தும் இம்மூன்று சொற்களும் இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகளில் நிலைக்கவில்லை. "அதிகம்" எனப் பொருள்படும் "மாகிசு" என்னும் சொல் அவற்றின் இடத்தைப் பிடித்தது. "இது அல்ல, அதைவிட அதுவே" என மறுப்புக்குப் பின் வந்து வந்து, அச்சொல் முதலில் "மாறாக" என்றும், பின்னர் "ஆனால்" என்றும் பொருள் மாறியது. கி.மு. முதலாம் நூற்றாண்டுக் கவிஞர் கட்டுல்லசின் பாடலிலேயே "மாறாக" என்னும் பொருள் காணப்படுகிறது. பிரெஞ்சின் "மே", இத்தாலியத்தின் "மா", போர்த்துக்கேயத்தின் "மாசு" ஆகியவை இதன் வழிவந்தவை. எசுப்பானியத்தின் "பெரோ", "இதன் காரணமாக" எனப் பொருள்படும் "பெர் ஓக்" என்னும் தொடரிலிருந்து வந்தது.

நாள்தோறும் வழங்கும் சிறு சொற்களும் அழியக்கூடும் என்பதற்கு "செட்" ஒரு சான்று. எனினும் 1887இல் சாமன்கோஃப் வெளியிட்ட எசுப்பெராந்தோ மொழியில் அச்சொல் அதே பொருளில் மீண்டும் இடம்பெற்றது.