பாவா ஆதம் மலையிலிருந்து ஜெய்லானிக்கு: சப்ரகமுவவில் பெருமை களையும் வழிபாட்டு மரபு

இஸ்லாமிய ஞானிகள் பாவத்தின் வரலாற்றைக் கொலையிலிருந்தோ களவிலிருந்தோ தொடங்குவதில்லை. பணிய மறுத்த ஒருவனிடமிருந்து தொடங்குகிறார்கள். மண்ணால் படைக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்களுக்குச் சிரம் பணியுமாறு இறைவன் ஆணையிட்டான். தான் நெருப்பால் படைக்கப்பட்டவன் என்று காரணம் காட்டி இப்லீஸ் மறுத்தான். அதற்கு முன்பு அவன் நெடுங்காலம் வணக்கத்தில் ஊறிக் கிடந்தவன் என்று மரபுக் கதைகள் கூறும். அவனிடம் வணக்கத்துக்குக் குறைவில்லை, பணிவுதான் இல்லை. ஆதமும் தவறினார். ஆனால் தவறை ஒப்புக்கொண்டு அழுதார், மன்னிக்கப்பட்டார்.

அந்த ஆதம் சுவனத்திலிருந்து இறங்கிக் கால் பதித்ததாக முஸ்லிம் மரபு சுட்டும் மலை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையில், 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. சிங்கள மக்களுக்கு அது சிறீபாத, சைவர்களுக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. உளத்தூய்மையான வணக்கம், அதாவது இக்லாஸ், பற்றிய சிந்தனை சப்ரகமுவவில் எப்படி வேரூன்றியது என்று ஆராய்பவர் இந்த மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே அந்தச் சிந்தனை ஏட்டில் வளர்ந்ததைவிட நடையிலும் சோற்றிலும் தொண்டிலும்தான் வளர்ந்தது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

மலை பற்றிய அரபுக் குறிப்புகள் பழையவை. கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட சீனா, இந்தியா பற்றிய கடலோடிகளின் செய்திநூல் இம்மலையை ‘அர்ரஹூன்’ என்கிறது. எழுபது முழ நீளமுள்ள பாதச்சுவடு அதன் உச்சியில் இருப்பதாகவும், மற்றக் காலை ஆதம் கடலில் வைத்ததாகவும் அது சொல்கிறது. அது வியப்புச் செய்தி மட்டுமே. ஆன்மிகப் பயணமாக மலை விரிவாகப் பதிவாவது மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவின் பயணநூலில். 1344இல் அவர் இலங்கைக்கு வந்தார். மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு மலைக்குப் புறப்பட்டபோது அவருடன் சென்றவர்கள் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துத் தோழர்கள், உணவு சுமக்கப் பதினைந்து பேர். காழியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்த ஒரு முஸ்லிம் யோகிகளோடும் பிராமணர்களோடும் ஒரே பாதையில் ஏறினார் என்ற செய்தியைப் பலர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். நான் அதில் நிற்கவே விரும்புகிறேன், ஏனெனில் பின்னர் வரும் சச்சரவுகளை அளக்க அது உதவும்.

இப்னு பதூதா இரண்டு பாதைகளைச் சொல்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதமின் வழியும் ஹவ்வாவின் வழியும். மாமா பாதை எளியது. அதன் வழியே மட்டும் போய் வந்தவரை யாத்திரை செய்தவராகவே மற்றவர்கள் மதிப்பதில்லையாம். கடினமான பாபா பாதையில் அட்டைகள் காலில் ஏறும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் அவை உதிர்ந்துவிடும். செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகள் பத்துப் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வரும், வாய் தானாகக் கலிமாவை மொழியும். அந்த இடத்தில் ஏட்டுப் படிப்போ குலப்பெருமையோ உதவாது. அதற்கு மேலே கிழுறு நபியின் குகை. யாத்திரிகர் தம் பொருட்களையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு உச்சிக்கு ஏறினர்.

உச்சியிலோ வேறொரு காட்சி. பாதச்சுவட்டைச் சுற்றிப் பாறையில் ஒன்பது குழிகள் இருந்தன. பிற சமயத்தார் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் காணிக்கையாக இடுவர். கிழுறு குகைக்கு வந்துசேரும் பக்கீர்கள் அவற்றை எடுக்க ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவார்களாம். தாம் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னுமே எஞ்சியிருந்தன என்றும், அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். உலகைத் துறந்தவர் என்று அறியப்பட்டவரும் காணிக்கைக் குழியை நோக்கி ஓடுகிறார். சூபி நூல்கள் நஃப்ஸ் என்று எச்சரிக்கும் தன்முனைப்பு, புனித இடத்தின் வாசலிலும் காத்திருக்கிறது என்பதற்கு இரத்தினக் கல் விளையும் மண்ணிலிருந்து இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

மலைப்பாதையை முஸ்லிம்களுக்குத் திறந்தவர் ஷீராஸ் நகரத்து ஞானி இப்னு கஃபீஃப் என்றும் அதே நூல் கூறும். அவர் மறைந்தது 982இல். வழிதவறிப் பசியால் வாடிய அவருடைய தோழர்கள், அவர் தடுத்தும் கேளாமல் யானைக் கன்றொன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைக்கூட்டம் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத் தின்றவர்களைக் கொன்றது. உண்ணாத ஞானியை ஒரு யானை தன் முதுகில் ஏற்றி ஊர்ப்புறத்தில் இறக்கிவிட்டது. இந்நிகழ்ச்சியை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. இந்தக் காட்டில் முதன்முதலில் மதிப்புப் பெற்ற முஸ்லிமாகத் தன் பசியை அடக்கிய ஒருவரையே மரபு தேர்ந்தெடுத்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கதைகள் இப்படி மலைப்பாதையில் திரண்ட அதே நூற்றாண்டுகளில், அப்பால் ஈராக்கிலும் குராசானிலும் பெருமை பற்றிய அறிவு ஒரு துறையாகவே வளர்ந்தது. 857இல் மறைந்த முஹாஸிபி, வணக்கத்தில் முகஸ்துதி நுழையும் வழிகளைத் துருவித் துருவி ஆராய்ந்தார். கஸ்ஸாலி (1058–1111) தம் ‘இஹ்யா’வில் மனிதனை அழிக்கும் குணங்களுக்கென ஒரு கால்பகுதியை ஒதுக்கினார். பிறர் பார்க்க வணங்குவது ரியா, பிறரைத் தாழ்வாகக் காண்பது கிப்ர், தன் வணக்கத்தைத் தானே மெச்சிக்கொள்வது உஜ்பு என்று நோய்களைப் பிரித்துக் காட்டினார். சத்தியத்தை மறுப்பதும் மனிதரை இழிவாக நோக்குவதுமே பெருமை என்ற நபிமொழியே இவ்வளவுக்கும் அடிப்படை.

சப்ரகமுவவுக்கு இந்தத் துறை வந்து சேர்ந்தது கஸ்ஸாலியின் பெயரால் அல்ல, முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால். பலாங்கொடையிலிருந்து கல்தோட்டைப் பாதையில் 20 கிலோமீட்டருக்கும் அப்பால், மலைநாடு சட்டென்று முடிந்து தென்சமவெளி கீழே விரியும் விளிம்பில் குராகலப் பாறைகள் இருக்கின்றன. முஸ்லிம்களுக்கு அது தப்தர் ஜெய்லானி. ஆதம் மலையைத் தரிசிக்க வந்த ஜீலானி அவர்கள் இங்குள்ள குகையில் பன்னிரண்டு ஆண்டுகள் தனித்திருந்து தவம் செய்தார்கள் என்பது நம்பிக்கை. வரலாற்று நூல்களின்படி அவர் 1077 அளவில் காஸ்பியன் கடலோரத்து ஜீலானில் பிறந்தார், 1095இல் பக்தாத் சேர்ந்தார், 1127இல் மக்களுக்கு உபதேசம் தொடங்கினார், 1166இல் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் ஈராக்கின் பாழ்நிலங்களில் நெடுங்காலம் திரிந்ததாக அந்நூல்கள் சொல்கின்றன. அந்த இடைவெளியில்தான் உள்ளூர் மரபு இலங்கைப் பயணத்தை வைக்கிறது. அதற்கு அக்கால எழுத்துச் சான்று இல்லை. ஆனாலும் அப்பாறைக்கு இம்மக்கள் ஏன் அவர் பெயரைத் தேர்ந்தார்கள் என்பது ஆய்வுக்குரிய கேள்வியே.

விடை அவருடைய போதனையில் இருக்கிறது. அவர் வரலாறு சொல்லும் நூல்களில் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாலைவனத்தில் தாகத்தோடு இருந்தவர் முன் ஒரு பேரொளி தோன்றித் தானே இறைவன் என்றும், விலக்கியவற்றையெல்லாம் அவருக்கு ஆகுமாக்கிவிட்டதாகவும் கூறியது. அது ஷைத்தான் என்று உணர்ந்து அவர் விரட்டினார். ஒளி இருளாகியது. உன் கல்வியால் தப்பித்தாய் என்று ஷைத்தான் புகழ்ந்தான். கல்வியால் அல்ல, இறையருளால் என்று ஜீலானி மறுத்தார். முதல் சோதனையைவிட இரண்டாவது கடினமானது. பாவத்தைக் காட்டி வீழ்த்த முடியாதவனை அவனுடைய நன்மையைக் காட்டி வீழ்த்தும் தந்திரம் அது. இப்லீஸ் தான் விழுந்த குழியிலேயே அவரையும் தள்ளப் பார்த்தான்.

அவருடைய ‘ஃபுதூஹுல் கைப்’ எழுபத்தெட்டு உரைகளின் தொகுப்பு. ஆன்மப் போராட்டத்துக்குரிய பத்துப் பண்புகளில் பத்தாவதாகப் பணிவை வைத்து, அதற்கு ஒரு பயிற்சியையும் அவர் தருகிறார். யாரைச் சந்தித்தாலும் தன்னைவிட அவர் மேலானவராக இருக்கலாம் என்று கருத வேண்டும். சிறுவனைக் கண்டால் அவன் தன்னளவு பாவம் செய்திருக்க மாட்டான். மூத்தவரைக் கண்டால் அவர் தனக்கு முன்பே வணங்கத் தொடங்கியவர். கல்லாதவர் அறியாமல் தவறுகிறார், தானோ அறிந்தே தவறுபவன். இறைமறுப்பாளரைக் கண்டாலும் அவருடைய முடிவு நல்லதாகவும் தன் முடிவு கெட்டதாகவும் ஆகிவிடலாம் என்று அஞ்ச வேண்டும். இப்லீஸின் வாதத்தை ஒவ்வொரு படியிலும் தலைகீழாக்கும் பயிற்சி இது. சமய எல்லையோடு நின்றுவிடாமல் அதற்கு அப்பாலும் இதை அவர் நீட்டியதுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது.

இப்போதனை தமிழ் வழியாகவே இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தது. காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இலங்கைத் துறைமுகங்களுக்கும் இடையே ஷெய்குமார் ஓயாமல் பயணித்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ஜீலானியின் பெயர் தாங்கிய காதிரிய்யா தரீக்காவின் (சூபி நெறியின்) அரூஸிய்யாக் கிளையை இங்கு பரப்பினார். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், அவர் இயற்றிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ இலங்கையிலும் பயிலப்பட்டது. குணங்குடி மஸ்தான் சாகிபு முகியித்தீன் சதகம் பாடினார். கண்டிச் சித்திலெப்பை (1838–1898) தம் இறுதிக் காலத்தில் ‘அஸ்ராருல் ஆலம்’ என்ற ஞானநூலை எழுதினார். கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது பலாங்கொடை, இரக்குவானை, கஹவத்தை போன்ற ஊர்களில் கடை வைத்த முஸ்லிம்கள் ராத்திபு என்னும் கூட்டு திக்ரு மஜ்லிசையும் மவ்லிது என்னும் புகழ்ப்பா ஓதலையும் கூடவே கொண்டு வந்தனர்.

ஜெய்லானியில் 1922இல் பள்ளிவாசல் எழுந்தது. பலாங்கொடையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.எல்.எம். அபூசாலி 2002இல் இத்தலத்தின் வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். ஆண்டுதோறும் கொடியேற்றம், மவ்லிது, நிறைவில் கந்தூரி என்னும் பொது விருந்து. சுரங்க மலைக் குகையின் இருட்டில் உடலைக் குறுக்கி நுழைவோரும், கப்பல் மலையில் அமர்ந்து திக்ரு செய்வோரும் உண்டு. ரிஃபாயித் தரீக்காப் பாவாக்கள் றபானை முழக்கி, கூரிய கம்பிகளால் உடலைக் குத்திக்கொண்டு ராத்திபு செய்வர். காண்போர் மெய்சிலிர்ப்பது உண்மை. ஆயினும் அகமது ரிஃபாயி (இறப்பு 1182) புகழப்பட்டது அவருடைய பணிவுக்காகவும் எளியோருக்குச் செய்த தொண்டுக்காகவும்தான். பலர் கூடிப் பார்க்கும் இடத்தில் செய்யப்படும் எந்த வணக்கத்துக்கும் ரியா மிக அருகிலேயே நிற்கும்.

கந்தூரிச் சோற்றை நான் கம்பி குத்தும் அந்த ராத்திபைவிட உயர்வாகவே வைப்பேன். சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் நிலத்தில் அமர்ந்து கை போட்டு உண்பது இலங்கை முஸ்லிம்களின் வழக்கம். தட்டில் யாருக்கும் தனிப் பங்கில்லை. மாணிக்க வியாபாரியும் மூட்டை சுமப்பவரும் ஒரே சஹனில் அமர நேர்ந்தால் ஒருவர் கைபட்ட சோற்றை மற்றவர் உண்கிறார். ஃபுதூஹுல் கைப் சொல்லும் பத்தாவது பண்பை எழுத்தறியாதவரும் பயின்றது இப்படித்தான்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரபுக்குள்ளேயே எதிர்க்குரல் எழுந்தது. தப்லீக் ஜமாஅத்தும் தவ்ஹீது இயக்கங்களும் வணக்கம் இறைவனுக்கு மட்டுமே உரியது என்றும், தலங்களை நாடுவது இக்லாஸைக் குலைக்கும் என்றும் வாதிட்டன. யாருக்காக வணங்குகிறாய் என்ற அக்கேள்வி நியாயமானது. ஜீலானியே தம் பக்தாத் சபையில் மக்களையும் ஆலிம்களையும் நோக்கி அதைக் கடுமையாகக் கேட்டவர். ஆனால் கேட்கும் தொனியில் தன் தொழுகையே தூயது என்ற எண்ணம் புகுந்துவிட்டால் அது கஸ்ஸாலி சொன்ன உஜ்பு ஆகிவிடும். தம் ஷெய்கின் கராமத்தை, அதாவது அற்புதச் செயல்களை, பேசி மற்றவரை இளக்காரம் செய்யும் தரீக்காவினருக்கும் இதே தீர்ப்புத்தான்.

மற்றச் சோதனை வெளியிலிருந்து வந்தது. குராகலவில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர் வாழ்ந்த தடயங்களும், பௌத்த சங்கத்துக்குக் குகை அளித்ததைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. 2013இல் பௌத்தக் கடும்போக்கு அமைப்புகளின் எதிர்ப்பு வலுத்தது, யாத்திரிகருக்கான கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழா குராகலவில் நடந்தது. பௌத்த தொன்மையை மறுக்க எவருக்கும் காரணம் இல்லை. நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வணங்கி வரும் மக்களின் உரிமையை மறுக்கவும் காரணம் இல்லை. இடம் எமக்கு மட்டுமே என்ற கூற்று எந்தச் சமயத்தவர் வாயிலிருந்து வந்தாலும் அது தவறே. 1344இல் யோகிகளும் பிராமணர்களும் ஒரு முஸ்லிம் பயணியும் ஒரே பாதையில் ஏறிய மாவட்டம் இது.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. பழுத்த அரபுத்தமிழ் ஏடுகளை மரியாதை கருதி மண்ணில் புதைத்துவிடுவது முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம். பலாங்கொடைக்கு அருகே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கெனத் தனிப் பீடமே இருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் யார் வீட்டிலாவது பழைய மவ்லிது ஏடோ ராத்திபுக் குறிப்போ இருந்தால், புதைப்பதற்கு முன் அவற்றைப் படமெடுத்து இந்த இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.