ஸ்பென்சர் காம்பவுண்டும் ஒரு சுருட்டுப் பெட்டியும்

போன தீபாவளிக்கு முன் வீடு ஒழித்தபோது, நம் பிளாக்கில் ஒரு வீட்டு வாசலில் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டிவைத்த மூட்டையின் மேல் ஒரு சின்ன மரப்பெட்டி கிடந்தது. உள்ளே ஊசி, நூல்கண்டு, இரண்டு பட்டன். மூடியின் உட்பக்கம் மங்கிப்போன வண்ணத்தாள். பார்த்ததும் தெரிந்தது, சுருட்டுப் பெட்டி. "தாத்தாவுடையது, பிறகு பாட்டி தையல் சாமான் போட்டு வைத்திருந்தாங்க" என்றார்கள். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஸ்பென்சர் காம்பவுண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஸ்பென்சர் யார் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? சென்னை மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர்தான். 1863-ல் மதராஸில் கடையாகத் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி. நம் ஊரில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சுருட்டு போய்விட்டது, பெயர் மட்டும் முகவரியில் தங்கிவிட்டது.

இங்கே ஏன் வந்தார்கள்? இலைக்காக. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்துப் புகையிலைக்கு அன்றே நல்ல பெயர். உவர்த் தண்ணீர் பாய்ந்த இலை மெல்லுவதற்கு ஆகும், சுருட்டில் வைத்தால் சரியாக எரியாது. ஆகவே எந்தக் கிணற்று இலை எதற்கு என்பது சம்சாரிகளுக்கு அத்துப்படி. உள்ளே நம் இலை. மேலே சுற்றும் மெல்லிய இலை மட்டும் ஜாவா, சுமத்ரா பக்கமிருந்து கப்பலில் வந்தது.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம். நம் இலையில் செய்த சுருட்டை உலகம் 'டிரிச்சினாப்பள்ளி' என்றே அழைத்தது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த இடத்துச் சாம்பலைப் பார்த்து அது டிரிச்சினாப்பள்ளி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். விளைந்தது இங்கே, பெயர் அங்கே! ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு'தான் என்பது ஒரு சின்ன ஆறுதல். சர்ச்சில் பிடித்ததும் நம் ஊர்ச் சுருட்டுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பெட்டியைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம் என்பது என் கட்சி.

பெட்டி ஏன் முக்கியம் என்பதற்கு இத்தாலியைப் பாருங்கள். மிலன் நகரில் 1876-ல் சவினெல்லி என்பவர் தொடங்கிய கடையின் பெயரில் இன்றும் ப்ரையர் மரவேரில் கடைந்த புகைக்குழாய்கள் வருகின்றன. பழைய குழாய்களைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அழகை அல்ல. தண்டைத் திருப்பி, அதில் குத்தியிருக்கும் முத்திரையைத்தான். எழுத்தின் வடிவத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். குழாய் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சுருட்டு எரிந்து சாம்பலாகிவிடும். நமக்கு மிஞ்சுவது பெட்டியும் லேபிளும்தான்.

அதையும் படிக்கலாம். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969-க்கு முன். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின். 'மதுரை மாவட்டம், திண்டுக்கல்' என்றால் நம் மாவட்டம் பிரிந்த 1985-க்கு முன்னால் அச்சானதாகக் கொள்ளலாம். பயமுறுத்தும் எச்சரிக்கைப் படம் இருந்தால் 2009-க்குப் பின். பழைய லேபிளையே தீரும்வரை ஒட்டும் சிக்கனக்காரர்கள் நம் ஊரில் உண்டு, ஆகையால் நான்கைந்து வருஷம் முன்பின் இருக்கும். என் பெட்டியில் பின்கோடு இல்லை, விலை நயா பைசாவில். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒன்று, சுருட்டியவர் பெயர். ஒவ்வொரு சுருட்டும் கையால் உருட்டியது. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார், என்ன கூலி, எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் லேபிளில் வராது. நம் குடியிருப்பில் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் யாருடைய வீட்டிலாவது சுருட்டுக் கம்பெனி வேலைக்குப் போனவர்கள் இருந்தார்களா? இன்று சாயங்காலமே கேளுங்கள். சொன்னதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள்.

நான் சுருட்டு பிடிப்பவன் அல்ல. லிஃப்டில் பீடி நாற்றம் வருகிறது என்று சங்கத்துக்குப் புகார் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பரணில் பெட்டி, லேபிள், கம்பெனி ரசீது எது கிடந்தாலும், பேப்பர்காரர் வருவதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள். லேபிளை உரிக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். அந்தக் காலத்துச் சாயம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடலாம். உலர்ந்த தூரிகை போதும். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். படிப்பறை அலமாரியில் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது; இப்போதைக்கு அதில் ஒரே ஒரு பெட்டி, உள்ளே பாட்டியின் இரண்டு பட்டன்களோடு.