அகன்ற வாயிலும் இடுக்கமான வாயிலும்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், அகழி சூழ நிற்கிறது ஆக்ஸ்பரோ மாளிகை. மதிலும் கோபுரமும் எழுப்ப 1482-ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு மன்னர், எட்மண்ட் பெடிங்ஃபெல்டு என்பாருக்கு உரிமம் அளித்தார். செங்கல்லால் ஓங்கிய அவ்வாயிற்கோபுரம் 1487-இல் ஏழாம் ஹென்றி மன்னரை விருந்தினராக வரவேற்றது.

பின்னர் அரசு சமயம் மாறிற்று; அக்குடும்பமோ கத்தோலிக்க விசுவாசத்தில் நிலைத்தது. 1559-ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பலியைத் தடை செய்தது. 1585-ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாடு திரும்பியவரை ராஜத்துரோகி என்றது. அவருக்கு அடைக்கலம் தருவோருக்கும் மரணதண்டனை விதித்தது.

பகைவரைத் தடுக்க எழுந்த மதில், அரசாணையோடு வரும் சேவகரைத் தடுக்குமா? ஆகவே அவ்வாயிற்கோபுரத்தின் உள்ளேயே, தரையோடு தரையாய் மூடும் கதவுக்கு அடியில், குருவானவர் ஒடுங்கிக்கொள்ள ஒரு மறைவறை அமைந்தது. மன்னருக்கு அகன்ற வாயில். ஆண்டவரின் திருவுடலைக் கையில் ஏந்துபவருக்குத் தரையடிப் பொந்து!

கத்தோலிக்கருக்கு 1829-இல் உரிமைச் சட்டம் கிடைத்தது. அதன்பின் மாளிகை வளாகத்திலேயே வெளிப்படையாகச் சிற்றாலயம் எழுந்தது. 2020-இல் கூரையைப் பழுதுபார்க்கையில், 1568-இல் அச்சான திருப்பாடல் மன்றாட்டு நூலொன்று அங்கே கண்டெடுக்கப்பட்டது. கோபுரம் காத்த செல்வம் எதுவென்று அந்நூல் நமக்குச் சொல்கிறது.

நம் இல்லங்களுக்கும் சுற்றுச்சுவர் உண்டு, பூட்டிய கதவும் உண்டு. உயிருக்கு ஆபத்தென்று அறிந்தும் அவர்கள் திறந்தார்கள். ஆபத்து ஏதுமற்ற நாம் யாருக்குத் திறக்கிறோம்?