கோட்டைக்குள் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

மாலையானால் யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளங்களில் சனம் ஏறி நிற்கிறது. கடனீரேரியில் சூரியன் இறங்குவதைப் பார்க்கத் தென்னிலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறார்கள். என் வயதுக்காரருக்கு இது விசித்திரமான காட்சி. எங்கள் இளமையில் அந்தக் கோட்டை, பண்ணைப் பாலத்தால் செல்லும் பேருந்தின் யன்னலூடாகத் தெரிந்த ஒரு சுவர், அவ்வளவே.

அண்மையில் அங்கு சென்றிருந்தபோது, உள்ளே குவிந்து கிடந்த இடிபாடுகளைக் காட்டி ஒரு பிள்ளை தாயிடம், "இது ஏன் உடைஞ்சு கிடக்கு?" என்று கேட்டது. "பழசு, அதுதான்" என்றார் தாய்.

பழசுதான். ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் அது. ஆனால் முதுமையால் விழவில்லை. 284 ஆண்டுகள் நின்று, 1990இல் விழுந்தது.

யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் வென்ற போர்த்துக்கேயர் இவ்விடத்தில் நாற்பக்கக் கோட்டை ஒன்றைக் கட்டினர். நல்லூரில் இடிக்கப்பட்ட கோயிலின் கற்கள் இதற்கு வந்தன என்பது எங்களூரில் தலைமுறைகளாக வழங்கும் செய்தி. மூன்று மாத முற்றுகையின் பின் 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, முருகைக்கல்லால் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினர். வாயிலில் 1680 என்று பொறித்தனர். வெளி அரண்கள் நிறைவுற்றது 1792இல். மூன்றே ஆண்டுகளில் ஆங்கிலேயர் வந்தார்கள், சண்டையின்றிக் கையளித்துவிட்டார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அரணுக்கு இப்படி ஒரு முடிவு!

ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே இது வணிகத் துறையாயிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கோட்டை மண்ணை அகழ்ந்த தொல்லியலாளர் உரோம, சீன மட்பாண்டத் துண்டுகளை எடுத்திருக்கிறார்கள்.

கோட்டை உண்மையில் சோதிக்கப்பட்டது 1990இல்தான். யூன் மாதம் விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர், உள்ளே படையினர். வானிலிருந்து விழுந்த குண்டுகளும் எறிகணைகளும் கோட்டையைச் சூழ்ந்த நகரத்தைச் சிதைத்தன. செப்டெம்பர் 26ஆம் திகதி கோட்டை புலிகளின் வசமானது. பின்னர் மதிலின் சில பகுதிகளை அவர்களே இடித்தனர். 1995இல் நகரம் மீண்டும் இராணுவத்தின் கைக்குச் சென்றது. 2009இல் போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் புனரமைக்கப்பட்டன. கட்டியவர்களின் நாடே செப்பனிடவும் காசு கொடுத்தது.

கோட்டைக்கு வெளியே இருக்கும் முற்றவெளியை நான் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். பீரங்கியின் பார்வைக்குத் தடை வராதபடி கட்டடமின்றி விடப்பட்ட நிலம் அது. பீரங்கிகள் போயின, நிலம் ஊரவர்க்கு மிஞ்சியது. விளையாட்டு, கூட்டம், களியாட்டம், இசை நிகழ்ச்சி எல்லாம் அங்கேதான். 1974 தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தோரின் நினைவுத்தூண்களும் அங்கேயே நிற்கின்றன. ஊர் தன் துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் ஒரே புற்றரையில் வைத்திருக்கிறது. கோட்டைக்குள் அப்படியில்லை. அங்கு நாம் இன்னும் விருந்தாளிகள்.

தேவாலயத்தைத் திரும்பக் கட்டவேண்டும் என்பாரும் உளர். எனக்கு உடன்பாடில்லை. புதிய சுவருக்குப் பழைய ஆண்டைப் பொறித்தால் 1990 மறைந்துபோகும். இடிபாட்டை அப்படியே காத்து, அருகில் மூன்று மொழிகளிலும் நடந்ததை எழுதி வைக்கலாம்: யார் கட்டினார், யார் உள்ளே இருந்தார், யார் வெளியே இருந்தார், எந்த ஆண்டு விழுந்தது என்று.

அந்தத் தாய்க்கு முப்பது வயதிருக்கும். முற்றுகை நடந்தபோது அவர் பிறந்திருக்கமாட்டார். நான் அங்கேயே நின்றும், ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.