வாகைக்குளத்திலிருந்து அபிஷேகப்பட்டி வரை

கருத்தரங்கிற்கு வரும் அறிஞர்களுக்கு நாம் முதலில் எழுதும் குறிப்பு, தூத்துக்குடி விமான நிலையம் நகருக்குள் இல்லை என்பதே. 1992இல் தொடங்கிய அந்நிலையம், மேற்கே திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளத்தில் உள்ளது. துறைமுகத்தை நம்பி முத்தையாபுரம் வரை வந்துவிட்டவருக்குப் பல்கலைக்கழகம் எதிர்த்திசையில் கிடக்கும்.

ஒரு காலத்தில் அத்துறைமுகமே வாயில். கொழும்பிலிருந்து கப்பலில் வந்தவர்கள், 1876இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையில் ஏறி, நெல்லைக்குச் செல்ல மணியாச்சியில் வண்டி மாறினர். அந்தக் காத்திருப்பு வரலாறாகவும் ஆயிற்று. 1911 ஜூன் 17 அன்று, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அங்கே நின்ற பெட்டியில்தான் கலெக்டர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். 1914இல் தனுஷ்கோடிப் பாதை திறந்ததும் கொழும்புப் பயணிகள் அப்பக்கம் திரும்பினர். தூத்துக்குடி தன் விருந்தினரை இழந்தது. (முத்தும் உப்பும் மட்டும் போதுமா ஓர் ஊருக்கு?)

'மனோன்மணீயம்' (1891) எழுதிய சுந்தரனார் நெல்லையிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியப்பணி செய்தவர். அவர் வாழ்நாளில் அவ்விரு ஊர்களுக்கும் இடையே ரயில் கிடையாது. அவர் பெயரில் 1990இல் எழுந்த பல்கலைக்கழகத்திற்கு இன்று வானிலிருந்து இறங்கி வருகிறார்கள்! வல்லநாட்டருகே தாமிரபரணியைக் கடந்து, பாளையங்கோட்டை, நெல்லைச் சந்திப்பு, பேட்டை ஆகியவற்றையும் தாண்ட வேண்டும். சந்திப்பிலேயே பயணம் முடிந்ததாக எண்ணி இறங்கிவிடும் முதியவர்கள் உண்டு. ஆகவே ஓட்டுநரிடம் அபிஷேகப்பட்டி என்று ஊர்ப்பெயரையே சொல்லுமாறு அழைப்பிதழின் அடியில் எழுதி வருகிறோம்.