தலைப்பும் நூற்பகுப்பும்: ஓலைச்சுவடி முதல் மின்பதிப்பு வரை

நீண்ட நூலொன்றைப் பயில்வோர்க்கு வழிகாட்டி நிற்பது தலைப்பு. ஆயின் அத்தலைப்பை இட்டவர் நூலாசிரியரா, உரையாசிரியரா, பதிப்பாசிரியரா என்னும் வினா தனியே ஆராயத்தக்கது. அதன் விடை, நூலைப் பொருள்கொள்ளும் முறையையே மாற்ற வல்லது.

சுவடி மரபு

ஓலைச்சுவடிகளில் பாடல்கள் அடி பிரிக்கப்படாமலும், சொற்களுக்கிடையே இடம் விடப்படாமலும் தொடர்ந்து எழுதப்பட்டன. மூலமும் உரையும் விரவிக் கிடந்த ஏடுகளும் உண்டு. எனினும் பகுத்துப் பெயரிடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், அதிகாரத்திற்கு ஒன்பதாக 27 இயல்களாகவும் அமைந்துள்ளது. ஐங்குறுநூற்றின் பத்துகள் 'வேட்கைப் பத்து' என்பது போன்ற பெயர்களைப் பெற்றுள்ளன. பதிற்றுப்பத்தில் கிடைத்துள்ள பாடல்கள் தம்மகத்தே பயின்ற சொற்றொடராலேயே பெயர் பெற்றுள்ளன.

பகுப்பும் பொருளும்

திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரங்களைக் கொண்டது. பரிமேலழகர் அவற்றைக் களவியல் 7, கற்பியல் 18 எனப் பகுத்தார். திருவள்ளுவமாலைப் பாடலொன்றோ அவற்றையே ஆண்பால் 7, பெண்பால் 12, இருபால் 6 எனப் பகுக்கின்றது. முன்னது ஒழுக்கத்தின் வளர்ச்சியை முதன்மைப்படுத்த, பின்னது கூற்று நிகழ்த்துவோரை முதன்மைப்படுத்துகின்றது. குறள்கள் மாறவில்லை, அவற்றை நோக்கும் கோணமே மாறுகின்றது. நாலடியாரின் 400 பாடல்களை அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார் என்பது மரபுவழிச் செய்தி. அவ்வாறாயின் அங்குத் தலைப்பென்பது உரையாசிரியரின் முதல் விளக்கமேயாகும்.

அச்சுப் பதிப்பு

1812இல் திருக்குறளும் நாலடியாரும் அச்சேறின. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், நூலாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி முதலிய பகுதிகளைத் தம் பதிப்புகளில் தனித்தனியே தலைப்பிட்டு அமைத்தார். வேண்டிய செய்தியைத் தேடி எடுக்கும் வாய்ப்பு இதனால் பெருகியது.

மின்பதிப்பு

1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கியது. திரையில் படிப்போர் நூல் முழுவதையும் புரட்டுவதில்லை; தலைப்புகளை நோக்கியே வேண்டிய இடத்தை அடைகின்றனர். தலைப்பைத் தடித்த எழுத்தில் இடுவது மட்டும் போதாது. அது தலைப்பென்பதும், எந்நிலைத் தலைப்பென்பதும் கணினி உணருமாறு குறிக்கப்படின் பொருளடக்கம் தானே உருவாகும்.

மூலத்தின் தலைப்பும் பின்னோர் இட்ட தலைப்பும் திரையில் ஒரே தோற்றத்தில் நிற்பின், பதுமனார் செய்ததும் பதிப்பாசிரியர் செய்ததும் நூலாசிரியர்மேல் ஏற்றப்படும். எனவே, ஒவ்வொரு தலைப்பும் எவருடையது என்பதைச் சுட்டுதல் மின்பதிப்பாளரின் கடமையாகும். வழிகாட்டும் தலைப்பே வழிதவறச் செய்தல் கூடாது.